சோறில்லாத சஹன்

கடையின் இரும்புக் கதவு பாதியில் கைநழுவி விழுந்த சத்தத்தில் ருவான்வெல்லைக் கடைத்தெருவே திரும்பிப் பார்த்தது.

மேல்மாடி வீட்டில், தொழுகைக்கு முன் வாய், முகம், கைகால் கழுவி வுளு எடுக்கும் பைப்படியில் குந்தியிருந்த ஸாஹிராவின் கையிலிருந்து பிரஷ் விழுந்தது. அவள் ஏற்கெனவே ஆத்திரத்தில்தான் இருந்தாள். அந்த வெள்ளை டைல்ஸில், தண்ணீர் ஓடும் ஓட்டையைச் சுற்றி, ரோசா நிறத்தில் ஒரு கறை. தேய்த்தால் போகும், மறுநாள் காலையில் மறுபடியும் வந்து உட்கார்ந்திருக்கும். சிவப்புச் சவர்க்காரத்தின் வேலை என்று நினைத்து அதைத் தூக்கி எறிந்துவிட்டு வெள்ளைச் சவர்க்காரம் வைத்துப் பார்த்தாள். பலனில்லை. டைல்ஸ் பதித்த மேசனைப் பிடித்துச் சண்டை போட்டாள். அவன், "நோனா, டைல் எங்கேயாவது சாயம் விடுமா?" என்று சிரித்துவிட்டுப் போனான். அந்தச் சிரிப்பு இன்னும் அவள் காதில் கிடந்து குடைந்தது.

"லுஹருக்குக் கடைய மூடுறதுக்கு இப்பிடியா சத்தம் போடுற?" என்று கீழே பார்த்துக் கத்த வாயெடுத்தாள். அதற்குள் கீழேயிருந்து வேறொரு குரல் கிளம்பியது.

"அம்மா! ஓடியாங்கம்மா! மொதலாளி விழுந்துட்டாருங்க!"

மல்லிகாவின் குரல். தோட்டத்து லயத்தில் குடியிருந்துகொண்டு, பக்கத்துச் சின்னத் தோட்டமொன்றில் பால் வெட்டி, ரப்பர் ஷீட்டாக்கிக் கொண்டுவந்து கொடுப்பவள். சும்மா கத்துகிறவள் இல்லை.

ஸாஹிரா படிகளில் இறங்கினாளா, உருண்டாளா என்று அவளுக்கே தெரியாது. கடைக்குள் புகைபிடித்த ரப்பரின் வாடை. அடுக்கியிருந்த ஷீட்டுகள்மேல் முதுகைச் சாய்த்தபடி அவள் கணவர் சாலி தரையில் உட்கார்ந்திருந்தார். சேர்ட் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. வலது கையால் தாடையைப் பிடித்துக்கொண்டிருந்தார், பல்வலிக்காரன் மாதிரி.

"ஒண்ணுமில்ல," என்றார். "வாயு. ஷட்டர இழுக்கக்கொள்ள புடிச்சிட்டு."

போன தடவையும் இதே தாடை, இதே வியர்வை, இதே 'வாயு'. அதற்குப் பிறகுதான் கொழும்பில் இருதயத்துக் குழாய்க்குள் கம்பிச்சுருள் வைத்து அனுப்பினார்கள். அது நடந்து இன்னும் ஒரு வருடமாகவில்லை.

"மல்லிகா, ஒரு த்ரீவீல்!"

"இந்தா போறேங்க!" மல்லிகா இடுப்பில் செருகிய சேலையோடு வீதியின் நடுவில் போய் நின்று, வருகிற முச்சக்கர வண்டியை இரண்டு கைகளாலும் மறித்தாள். "மல்லி, இக்மனட்ட! ஆஸ்பத்திரியட்ட!" என்று, சீக்கிரம் வரச் சொல்லி, சாரதியைச் சிங்களத்தில் அவசரப்படுத்தினாள்.

அந்த நேரம் பார்த்து மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான் றிஸாத்.

ஸாஹிராவின் கூடப்பிறந்த தம்பி. கட்டாரில் பல வருடம் இருந்துவிட்டு, போனது போலவே வெறுங்கையோடும், ஆனால் பாதி உடம்போடும் திரும்பி வந்தவன். மைத்துனரோடு சேர்ந்து லுஹர் தொழப் பள்ளிக்குப் போவது அவன் வழக்கம். சாலியை ஒரு பார்வை பார்த்தான். முகத்தில் கொஞ்சமும் கலவரமில்லை.

"பதறாதீங்க ராத்தா. இது உப்புக் கொறச்சல். சோத்த விட்ட ஆளுக்கு ஒடம்புல உப்பு நிக்காது. வெயிலும் கூட. ஒரு கிளாஸ் உப்புத் தண்ணி குடிச்சா அஞ்சு நிமிசத்துல எழும்பிடுவாரு."

சொல்லிக்கொண்டே கடை மேசையில் இருந்த கிளாஸில் தண்ணீர் ஊற்றி, தன் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்துக் கொட்டிக் கலக்கினான். உப்பைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறவன்!

"தம்பி, மனுசனுக்கு நெஞ்சு வலிக்குதுங்க," என்றாள் வாசலில் நின்ற மல்லிகா. "உப்புத் தண்ணிய மாட்டுக்குக் குடுப்பாங்க."

"ஒங்களுக்கு வெளங்காது. நீங்க சும்மா ஈங்க."

"மச்சான் செல்றது சரியா ஈக்கும்," என்று முனகினார் சாலி. கிளாஸை வாங்கக் கையையும் நீட்டினார்.

அந்தக் கை நீண்டதைப் பார்த்ததும் ஸாஹிராவுக்குள் ஏதோ அறுந்தது. கிளாஸைத் தம்பியின் கையிலிருந்து பிடுங்கினாள். உப்புத் தண்ணீர் முழுவதும் அவன் முகத்திலும் தாடியிலும் போய் விழுந்தது.

"இன்னொரு வார்த்த பேசினா இந்தக் கிளாஸும் வரும்! தூக்குடா மனுசன!"

றிஸாத் தாடியைக்கூடத் துடைக்கவில்லை. தூக்கினான்.

முச்சக்கர வண்டி களனி கங்கையோரமாகப் பறந்தது. சாலியின் தலை ஸாஹிராவின் தோளில். வாய் கலிமாவை முணுமுணுக்க, அவள் மனம் மட்டும் தம்பியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தது.

எல்லாம் அவன் வந்த பிறகுதான். கட்டாரில் போன் திரையில் பார்த்துப் பார்த்துப் படித்த படிப்பு. சீனிதான் எதிரி, சோறுதான் விஷம், கொழுப்பு அப்பாவி. அவனுக்குச் சீனி வியாதி இருந்தது உண்மை. சோற்றையும் பாணையும் விட்டு அது இறங்கியதும் உண்மை. அத்தோடு நின்றிருக்கலாம். ஊர் முழுவதையும் இறக்கப் புறப்பட்டான். வாட்ஸ்அப்பில் ஒரு கூட்டம் சேர்த்தான். "றிஸாத் சோத்துக்குத் தலாக் குடுத்தீக்கான்" என்று கடைத்தெருவில் கேலி பேசினார்கள். கேலி பேசியவர்களே பின்னால் ஒவ்வொருவராகக் கூட்டத்தில் சேர்ந்தார்கள்.

சாலி சேர்ந்தது வேறு விதமாக. கம்பிச்சுருள் வைத்து வந்த பிறகு மனிதர் ஒடுங்கிப் போயிருந்தார். ரப்பர் மூட்டையைத் தனியாகத் தூக்கிய ஆளை, வாசல்படியில் இரண்டு பேர் கைகொடுத்து ஏற்றினார்கள். "பாவம், சாலி ஹாஜியார்" என்ற பேச்சு அவர் காதில் விழுந்துகொண்டே இருந்தது. றிஸாத் சொன்னபடி செய்யத் தொடங்கினார். காலையில் நெய்யில் முட்டை, பகலில் மாட்டிறைச்சி, பக்கத்தில் கெட்டித் தேங்காய்ப்பாலில் கீரை, இரவில் வெண்ணெய்ப்பழம். வயிறு வற்றியது. சாரத்தை இடுப்பில் இரண்டு சுற்று அதிகமாகச் சுற்ற வேண்டி வந்தது. சீனி இறங்கியது. முகத்தில் ஒரு தெளிவு. பள்ளிவாசலில் ஆட்கள் நிறுத்தி நிறுத்தி விசாரித்தார்கள். 'பாவம்' என்ற சொல் ஊரைவிட்டே ஓடியது.

ஸாஹிராவும் சந்தோசப்பட்டாள்தான். நெய்யை உருக்கி ஊற்றிக் கொடுத்த கை அவளுடையதுதான். ஆனால் ஒன்றில் மட்டும் அவள் அசையவில்லை. குளிசை. இரவு இஷாத் தொழுகைக்கு முன், மூன்று குளிசைகளையும் தன் உள்ளங்கையில் வைத்து, சுடுதண்ணீரோடு அவர் முன்னால் போய் நிற்பாள். அவர் வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பார். பிறகு வுளு எடுக்கப் பைப்படிக்குப் போவார். ஒரு நாள் தவறியதில்லை. கண்ணால் பார்க்காமல் அவள் நகர்ந்ததில்லை.

ஆகவே, சாப்பாடு எப்படிப் போனாலும் மருந்து காப்பாற்றும் என்று நம்பியிருந்தாள். இப்போது அந்த நம்பிக்கைதான் அவள் தோளில் வியர்த்துக்கொண்டு கிடந்தது.

ஆஸ்பத்திரியில் நெஞ்சில் வயர்களை ஒட்டிப் பார்த்த அடுத்த நிமிடமே எல்லோரும் ஓடத் தொடங்கினார்கள். நர்ஸ் ஒருத்தி சாலியின் கையில் குளிசைகளைக் கொட்டினாள். வெள்ளையில் ஒன்று, ரோசா நிறத்தில் சில. "சப்பித்து முழுங்குங்க, ஹாஜியார்! டக்கெண்டு!" வியர்த்த உள்ளங்கையிலிருந்து அவற்றை வாய்க்குள் தள்ளிவிட்டாள் ஸாஹிரா. பிறகு அவருடைய கையைத் தன் வெள்ளைத் துப்பட்டியின் முனையால் துடைத்தாள். அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். அடைப்பைக் கரைக்க ஊசி ஏற்றுகிறார்களாம்.

வெளியே மர வாங்கில் உட்கார்ந்தாள். மறுமுனையில் றிஸாத் உட்காரப் பார்த்தான்.

"அங்க போ."

"ராத்தா..."

"அந்தத் தூணுக்கு அங்கால போ! ஒன்ட மொகம் எனக்குத் தெரியப்படாது."

அவன் தூணுக்கு அந்தப் பக்கம் போய் நின்றான். தாடியில் உப்பு காய்ந்து வெள்ளையாகத் தெரிந்தது.

அவனைப் பார்க்கக் கூடாது என்று நினைக்க நினைக்க, வரக்காப்பொல மண்டபம்தான் கண்ணுக்குள் வந்தது. மூன்று மாதத்துக்கு முன் றிஸாத் தன் கூட்டத்தையெல்லாம் அங்கே திரட்டினான். குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். பகல் சாப்பாடு சஹன். சஹன் என்றால் ஒரே பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து உண்பது. நடுவில் இறைச்சி, சுற்றிவரச் சோறு. அவரவர் தன் முன்னாலிருக்கிற பக்கத்திலிருந்து மட்டும்தான் எடுப்பார். நல்ல துண்டொன்று தன் பக்கம் வந்தால் மதிப்பான ஆளின் பக்கம் தள்ளிவிடுவது மரியாதை.

றிஸாத்தின் சஹனில் சோறே இல்லை. தட்டு நிறைய நெய்யில் மிதந்த இறைச்சியும் முட்டையும். பெண்கள் பக்கத்தில் ஒரு கிழவி தட்டைப் பார்த்துவிட்டு, "சோறு பொறகு வருமா மகள்?" என்று கேட்டாள். "வராது மாமி, அதுக்கு இங்க தலாக்" என்று யாரோ சொல்ல, சிரிப்பில் தட்டுகள் குலுங்கின. ஸாஹிராவும் சிரித்தாள். திரைச்சீலையின் இடுக்கால் எட்டிப் பார்த்தாள். ஆண்கள் பக்கம், முதல் சஹனில், சாலி. கூட இருந்த ஐந்து பேரும் கொழுப்பு தடித்த துண்டுகளைப் பொறுக்கிப் பொறுக்கி அவர் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தைப் பிரித்துக்காட்டச் சோறு இல்லாததால் தட்டில் எல்லையும் இல்லை. எவ்வளவு தின்றார் என்று அவருக்கும் தெரியாது, தள்ளியவர்களுக்கும் தெரியாது. தள்ளுகிறதை மறுப்பது மரியாதைக் குறைவு. அவர் மரியாதை தவறாத மனிதர்.

சாப்பாட்டுக்குப் பிறகுதான் மேடை. றிஸாத் மைக்கைப் பிடித்தான். சாலியைக் கூப்பிட்டு, தோளில் கைபோட்டு நிறுத்தினான்.

"என்ட மச்சானப் பாருங்க! நெஞ்சுக்குள்ள கம்பி வெச்ச மனுசன்! நடக்க ஏலாமக் கெடந்தவரு! இண்டைக்கு எப்பிடி நிக்கிறாரு? ஒரு குளிசையும் இல்லாம! கேளுங்க, ஒரு குளிசையும் இல்லாம!"

மண்டபமே அதிர்ந்தது. ஸாஹிராவுக்குத் திக்கென்றது. முந்தின இரவு குளிசை கொடுத்தது அவள்தானே? ஆனால் மைக் கிடைத்தால் தம்பி வாய் நீளும் என்பது அவளுக்குப் புதிதில்லை. பக்கத்திலிருந்தவர்கள், "ஒங்க மாப்பிள்ளையா? மாஷா அல்லாஹ்!" என்று கையைப் பிடித்தார்கள். அவளும் கை தட்டினாள்.

இப்போது அந்தக் கைகளை அவள் மடியில் வைத்துப் பிசைந்துகொண்டிருந்தாள்.

கதவு திறந்தது. டொக்டர் பரராசசிங்கம் வெளியே வந்தார். யாழ்ப்பாணத்து ஆள், இந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிகளிலேயே தலைநரைத்தவர். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர் என்று பெயர்.

"உள்ளுக்கு வாங்கோ அம்மா. நெஞ்சு நோ குறைஞ்சிருக்கு. ஊசி கொஞ்சம் வேலை செய்திருக்கு. ஆனா இஞ்சை வைச்சிருக்கேலாது. கொழும்புக்கு அனுப்புறன், அம்புலன்ஸ் வருது."

சாலி கட்டிலில் கிடந்தார். மூக்கில் குழாய். நெஞ்சில் வயர்கள். கண் திறந்திருந்தது. ஸாஹிராவைப் பார்த்ததும் உதட்டை அசைத்தார். சிரிக்கப் பார்த்திருக்க வேண்டும்.

"இப்ப ஒரு கேள்வி," என்றார் டொக்டர். "கம்பிச்சுருள் வைச்ச குழாய்க்குள்ளைதான் திரும்ப அடைச்சிருக்கு எண்டு நினைக்கிறன். கொழும்பிலை முதல் கேக்கப்போறது இதைத்தான். ஹாஜியார், குளிசையள் ஒழுங்கா எடுத்தனீங்களோ?"

"ஓ," என்றார் சாலி. குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"ஒவ்வொரு நாளும்?"

"ஓ."

டொக்டர் ஸாஹிராவின் பக்கம் திரும்பினார். "இரத்தத்திலை கெட்ட கொழுப்பு மூண்டு மடங்காயிருக்கு அம்மா. சாப்பாட்டாலையும் ஏறியிருக்கும். சோத்தைக் குறைச்சதைப் பிழையெண்டு நான் சொல்லேல்லை. சீனி இறங்கியிருக்கு, நல்ல விசயம். ஆனா நெய்யையும் இறைச்சிக் கொழுப்பையும் இப்பிடிச் சாப்பிட்டா சிலருக்குக் கெட்ட கொழுப்புக் கண்டபடி ஏறும். ஆருக்கு ஏறும் எண்டு முகத்தைப் பாத்துச் சொல்லேலாது, இரத்தத்தைப் பாத்துத்தான் சொல்லலாம். இவர் பிறகு கிளினிக்குக்கே வரேல்லையே? அது ஒரு பக்கம். மற்றது, குளிசை எடுத்துக்கொண்டிருந்தா இவ்வளவு ஏறினதும், குழாய் அடைச்சதும் எனக்குக் கணக்கு ஒத்துவரேல்லை."

"நான் கையால குடுக்கிறேன், டொக்டர்!" ஸாஹிராவின் குரல் வார்டு முழுக்கக் கேட்டது. "இந்தக் கையால! இஷாவுக்கு முன்னுக்கு! கண்ணால பாக்காம நான் நகர்றதில்ல!"

"நீங்க குடுத்ததை நான் சந்தேகப்படேல்லை அம்மா. அவர் விழுங்கினவரோ எண்டு கேக்கிறன்."

"என்ட மாப்பிள்ளயப் பொய்யன்னு செல்றீங்களா?"

"ஆரையும் அப்பிடிச் சொல்லேல்லை. மருந்து குடிச்சும் அடைச்சதெண்டா, மருந்து வேலை செய்யேல்லை, இல்லாட்டி சுருள் சரியா விரியேல்லை. அவை அந்த வழியிலை தேடுவினம், மருந்தையும் மாத்துவினம். குடியாமல் அடைச்சதெண்டா வைத்தியம் வேறை. பிழையான வழியிலை தேடி நேரம் போனா, போறது இவற்றை உயிர். எனக்கு உண்மை வேணும். கோபிக்க மாட்டன்."

"ஹாஜியார் குடிச்சாரு!" ஸாஹிரா பல்லைக் கடித்துக்கொண்டாள். "ஒங்களுக்கு என்ன தெரியும்? எங்கட ஊட்டுல, எங்கட..."

கண்ணில் நீர் முட்டியது. துப்பட்டியின் முனையை எடுத்து முகத்துக்குக் கொண்டுபோனாள்.

கை பாதியில் நின்றது.

வெள்ளைத் துணியில் ரோசா நிறத்தில் ஒரு கறை. வட்டமாக, ஓரம் வெளிறி, நடுவில் அழுத்தமாக. சாலியின் ஈரமான உள்ளங்கையைத் துடைத்த இடம். அந்த நிறத்தை அவளுக்குத் தெரியும். அந்த நிறத்தோடு எத்தனை காலை அவள் மல்லுக்கட்டியிருக்கிறாள்! சவர்க்காரத்தை எறிந்தாள். மேசனைத் திட்டினாள்.

இஷாவுக்கு முன் குளிசை, மூன்றில் ஒன்று இதே ரோசா நிறம். ஒரு மிடறு தண்ணீர். பிறகு நேரே பைப்படி. வுளுவில் மூன்று தரம் வாய் கொப்பளிப்பது சுன்னத், நபி காட்டிய வழக்கம். கொப்பளிக்கிற மனிதனை எந்தப் பெண்சாதி நின்று பார்ப்பாள்? எந்தப் பெண்சாதி சந்தேகப்படுவாள்?

நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு போயிருக்கிறார். ஒவ்வொரு இரவும். தொழுகைக்காகக் கழுவுகிற வாயிலிருந்து தன் உயிரைத் துப்பியிருக்கிறார்.

ஸாஹிரா மெதுவாக நிமிர்ந்தாள். கட்டிலைப் பார்த்தாள். சாலி மறுபக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தத் திருப்பலே போதுமாயிருந்தது.

"எவ்வளவு காலமா?"

அவர் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார்.

"எவ்வளவு காலமா பைப்படியில துப்புறீங்க?"

டொக்டர் ஒரு அடி பின்னால் நகர்ந்தார். சாலி கண்ணை மூடிக்கொண்டார். இமையிடுக்கால் ஈரம் கசிந்தது.

இப்படியொரு வேலை அவராக யோசித்துச் செய்யக்கூடியதில்லை. ஸாஹிராவுக்கு அது உறுதி. ஒரு பொய் சொல்ல மூன்று தரம் திக்குகிற மனிதர். வேறொருவன் மண்டைக்குள் ஓதியிருக்க வேண்டும். யார் என்பதற்கு அவள் தூரம் போகத் தேவையில்லை.

புயலாய் வெளியே போனாள். தூணுக்கு அப்பால் நின்றவனைச் சேர்ட் காலரோடு பிடித்தாள். நோயாளிகளும் தாதிமாரும் பார்க்கப் பார்க்க, நாற்பது வயது ஆளை நடைபாதை வழியாக இழுத்து வந்து கட்டிலின் கால்மாட்டில் நிறுத்தினாள்.

"செல்லு! இவருக்கு மருந்த உடச் சென்ன நீதானே? வாயில வெச்சித் துப்பச் செல்லிக் குடுத்த நீதானே? சோத்த உடச் சென்ன, உட்டாரு. நெய்யக் குடிக்கச் சென்ன, குடிச்சாரு. சாகச் சென்னாலும் மச்சான் செல்றது சரின்னு செத்திருப்பாரு! நாயே, கலியாணம் முடிக்காத கொமர்ப் புள்ளயோட நான் என்ன செய்வேன்னு யோசிச்சியா?"

"வல்லாஹி, ராத்தா!" றிஸாத் ஆணையிட்டான். "நான் அப்பிடிச் செல்லல்ல! சாப்பாட்டப் பத்தித்தான் நான் கதைக்கிற. மருந்த உடுங்கன்னு ஒரு ஆளுக்கும் நான் சென்னதில்ல. மச்சானுக்கும் சென்னதில்ல. குர்ஆன் மேல கை வெக்கிறேன்!"

"பின்ன மேடையில என்ன கொலச்ச? ஒரு குளிசையும் இல்லாம, ஒரு குளிசையும் இல்லாமன்னு ரெண்டு தரம் கொலச்சியே!"

"அது..." அவன் மைத்துனரைப் பார்த்தான். "நல்லா ஈந்தாரு. மொகம் தெளிஞ்சி ஈந்திச்சி. குளிசைய உட்டுட்டாருன்னுதான் நான் நெனச்ச."

"நெனச்சியா? கேட்டியா?"

"கேக்கல்ல."

"கேக்காமயே சென்னியா?"

"வாயில வந்திட்டு ராத்தா. மைக் கையில ஈந்திச்சி. எல்லாரும் பாத்துக்கொண்டு ஈந்தாங்க."

"ஒன்ட வாய்..." அவள் கையை ஓங்கினாள். டொக்டர் குறுக்கே வந்தார்.

"அம்மா, இது வார்டு. அம்புலன்ஸ் வாசலிலை நிக்குது. எனக்கு மறுமொழி வேணும், சண்டை வேண்டாம்."

ஓங்கிய கை காற்றில் நின்றது. இறங்க மனமில்லாமல் இறங்கியது. ஸாஹிரா கணவரின் தலைமாட்டுக்குப் போனாள். குனிந்தாள். கோபம் இன்னும் மூச்சில் இருந்தது. ஆனால் குரலைக் கட்டுக்குள் கொண்டுவந்தாள்.

"இஞ்சப் பாருங்க. இவன் என்ட தம்பின்னு பாக்க வாணாம். மறைக்க வாணாம். இவன்ட மொகத்துக்கு முன்னுக்கே செல்லுங்க. மருந்த உடச் சென்னது இவனா, இல்லயா?"

சாலி கண்ணைத் திறந்தார். ஸாஹிராவைப் பார்க்கவில்லை, டொக்டரைப் பார்க்கவில்லை. தாடியில் உப்புப் படிந்து, அழுகையை விழுங்கிக்கொண்டு கால்மாட்டில் நின்ற மைத்துனனைப் பார்த்தார். மூக்குக் குழாயை ஒரு விரலால் தள்ளிக்கொண்டார்.

"நீ மேடையில அப்பிடிச் சென்ன அண்டைக்கு ராவும் நான் குளிசை குடிச்சேன், மச்சான், அவ்வளவு சனத்துக்கு முன்னுக்கு ஒன்னயப் பொய்யனாக்க ஏலாமத்தான், அடுத்த நாள்லீந்து துப்பினேன்."